கொலோனுக்கு ஒரு ரயில் பாஸ்

அந்த வருடம் மார்ச் மாதத்திலிருந்து ஜூன் வரைக்கும் என் இடது காது சிவந்தபடியே இருந்தது. அவ்வளவு நேரம் போனைக் காதில் வைத்து அழுத்தியிருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. நாங்கள் நியூ ஜெர்ஸியில், பிஸ்கட்டவேயில் இருந்தோம். எனக்கு ஒரு மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம் விடுவார்கள். அந்த முக்கால் மணித்தியாலத்தையும், ஐரோப்பிய ரயில் டிக்கெட்டுகளை அமெரிக்காவில் விற்கும் ஒரு கம்பனியின் இலவச நம்பருக்கே தாரை வார்த்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, பொறு, பாட்டுக் கேள். என் சோற்றுப் பெட்டி முன்னால் திறந்தபடி ஆறிக்கொண்டிருக்கும்.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அதனால்தான்.

அம்மா அப்போது எங்களோடு இருந்தார். எனக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்த கையோடு அவரை யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்தேன். அவர் வந்து இரண்டு வருடம். வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கதைதான்: தம்பி. என் தம்பி ஜெர்மனியில் இருந்தான். அம்மா அவனைக் கடைசியாகக் கண்டது ஒன்பது வருடங்களுக்கு முன்னால், அவனுக்குப் பதினேழு வயதில். கொழும்புக்குப் போறன் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டவன் எங்கெங்கோ சுற்றி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான். கிழக்கு ஜெர்மனிப் பக்கம், வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிப்பதற்கே பாதி நாள் எடுக்கும் ஓர் ஊரில், அகதிகள் விடுதி. அவனுடைய வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. அது முடியும்வரை அந்த மாவட்ட எல்லையைத் தாண்டி அவன் கால் வைக்கக் கூடாது. தாண்டுவதென்றால் அங்கேயுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு, முத்திரை குத்திய கடதாசி வாங்க வேண்டும். அதுவும் ஒரே ஒரு நாளுக்கு.

ஜூன் நடுவில் பாரிஸில் பெரியம்மாவின் மகள் வீட்டில் சாமத்திய வீடு. அவளுடைய மூத்த பெட்டை பெரியபிள்ளை ஆகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சடங்கு, வெள்ளிக்கிழமை அம்மாவுக்கும் எனக்கும் திரும்பும் விமானம். எனக்கு அதற்கு மேல் லீவு இல்லை. தம்பியின் ஊருக்குப் போவதென்றால் நாலு ரயில் மாற வேண்டும், அம்மாவின் முழங்கால் அதற்குத் தாங்காது, விடுதியில் வெளியாட்கள் தங்கவும் விட மாட்டார்கள். ஆகவே நான்தான் முடிவெடுத்தேன். பாரிஸிலிருந்து கொலோனுக்கு நேர் ரயில் இருக்கிறது, நாலு மணித்தியாலம். அவன் அந்தப் பக்கத்திலிருந்து விடிய வெளிக்கிட்டு வரட்டும், நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம். புதன்கிழமை பகல் ஸ்டேஷனில் சந்திப்பது. பின்னேரம் நாலு மணிக்கு அவனுக்குத் திரும்பும் ரயில். அதைத் தவறவிட்டால் நள்ளிரவுக்குள் ஊர் திரும்ப முடியாது, கடதாசி காலாவதியாகிவிடும், வழக்கில் அதுவும் ஒரு குற்றமாக ஏறும். எப்படிப் பார்த்தாலும் ஐந்து மணித்தியாலம் கிடைக்கும். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அஞ்சு மணித்தியாலம் காணும் பிள்ளை, நான் அவனுக்குச் சோறு தீத்துவன்" என்றார். ஸ்டேஷனில் இருத்தி வைத்து வாயில் சோறு ஊட்டுவாராம்!

கதை இவ்வளவு சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். தம்பியின் அலுவலகத்துக்கு ஒரு அத்தாட்சி வேண்டும்: அம்மா உண்மையாகவே அன்றைக்குத்தான் வருகிறார் என்பதற்கு ரயில் இருக்கைப் பதிவின் பிரதி. கொடுத்தால் மூன்று கிழமையில் பதில் சொல்வார்கள். சரி. நியூயோர்க்கில் விசா கொடுக்கிற இடத்திலும் அதே ரயில் பதிவைக் கேட்டார்கள், ஏனென்றால் அம்மாவிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போர்ட். அதுவும் சரி. டிக்கெட் கம்பனியைக் கேட்டால், ஜூன் மாதத்து ரயிலுக்கு மார்ச்சில் பதிவு கிடையாதாம். இரண்டு மாதம் முன்னுக்குத்தான் திறக்குமாம்.

ஏப்ரல் நடுவில், திறந்த அன்றைக்கே கூப்பிட்டேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் வந்தாள். குரலில் தேன் ஒழுகியது.

"மன்னிக்க வேண்டும். அந்தத் தேதிக்கு ரயில் எதுவும் காட்டவில்லை."

"ரயில் எதுவும் ஓடாதா?"

"ஓடும். கோடைகால நேர அட்டவணை இன்னும் எங்கள் கம்ப்யூட்டருக்கு வரவில்லை."

"எப்போது வரும்?"

"ஐரோப்பாக்காரர்கள் அனுப்பும்போது."

நான் போனை வைக்கவில்லை, அறைந்தேன். பக்கத்து மேசையில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரன் எழும்பி வேறு மேசைக்குப் போனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கூப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆள், ஒவ்வொரு நாளும் வேறு வேறு கதை. ஒருத்தி அந்த ரயிலுக்குப் பதிவே தேவையில்லை, ஏறி இருக்கலாம் என்றாள். மற்றவள் பதிவில்லாமல் ஏறவே விட மாட்டார்கள் என்றாள். ஒருவன் கொலோன் எந்த நாட்டில் இருக்கிறது என்று என்னிடமே கேட்டான். அட கோதாரி! ஐரோப்பிய ரயில் விற்க வந்தவன் நீயா நானா?

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே அம்மா. "என்னவாம் பிள்ளை? கிடைச்சுதோ?"

"இல்லையம்மா."

"நீ கொஞ்சம் தன்மையாக் கதைச்சுப் பார். உன்ரை குரலைக் கேட்டாலே ஆருக்கும் தரமாட்டினம்."

அவர் சொன்னது உண்மைதான். அதனாலேயே எனக்கு இன்னும் விசர் வந்தது.

சனிக்கிழமைகளில் காலையில் தம்பிக்கு போன் எடுப்போம். விடுதியின் நடைபாதையில் ஒரே ஒரு போன், யாராவது எடுத்து அவனுடைய பெயரைக் கத்திக் கூப்பிடுவார்கள். "அக்கா, அந்த ரிசர்வேஷன் பேப்பரை இந்தக் கிழமைக்குள்ளை அனுப்பினியளெண்டால்தான் சரிவரும். அந்த மனுசி லீவிலை போகப் போறாவாம்" என்பான். அந்த மனுசி என்றால் அலுவலகத்தில் அவனுடைய கோப்பை வைத்திருப்பவள். நான் பார்த்தேயிராத அந்த மனுசியின் விடுமுறை நாட்கள், என் வீட்டுக் கலண்டரில் சிவப்புப் பேனாவால் குறிக்கப்பட்டிருந்தன.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், கடவுள் புண்ணியத்தில் ஒரு வயதான பெண் போனை எடுத்தாள். நியூ ஜெர்ஸிக்காரிதான், பேச்சிலேயே தெரிந்தது. நான் முழுக் கதையையும் சொன்னேன். அவள் பொறு என்றாள். விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "இன்று காலைதான் அட்டவணை வந்திருக்கிறது. காலை ரயிலில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கிய இருக்கைகள் இரண்டு இருக்கின்றன. சாதாரண டிக்கெட்டுக்கு ஒன்றுமில்லை. பாஸ் எடுக்கிறாயா?"

எடுக்கிறேன், எடுக்கிறேன், தாயே, எடுக்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து போகும் பாஸ், ஒரே கடதாசியில் இரண்டு பேருடைய பெயரும். போகவும் வரவும் அதுவே போதும். இருக்கைப் பதிவு அன்றைக்கே ஃபாக்ஸில் வந்தது, பாஸ் பிறகு தபாலில் வரும். அன்று பின்னேரமே அந்தப் பதிவை ஜெர்மனிக்கு அனுப்பினேன். மறு கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு நியூயோர்க் போய், விசா வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்றேன். விசா கிடைத்தது. அந்த மனுசி லீவில் போவதற்கு முதல்நாள் தம்பியின் கடதாசியில் முத்திரை குத்தினாள். தம்பி போனில் சிரித்த சிரிப்பில் எனக்கே கண் கலங்கியது.

நாங்கள் புறப்படுவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது பாஸ் வந்தது. நான் வேலையில் இருந்தேன். அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் தலைக்குக் குளித்துத் திருநீறு பூசி, சாமித்தட்டுக்கு முன்னால் நின்றார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. "வா பிள்ளை, வந்து கும்பிடு. வந்திட்டுது."

சாமித்தட்டில், பிள்ளையார் படத்துக்கு முன்னால், பாஸ். நாலு மூலையிலும் மஞ்சள். நல்லாகக் குழைத்து, விரலால் தொட்டுத் தொட்டு அழுத்திய மஞ்சள். நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதற்கு மேல் குங்குமம். எங்கள் வீட்டில் கலியாண அழைப்புக் காட்டுக்கும், சோதனை எழுதப் போகும் அனுமதி அட்டைக்கும், என்னுடைய முதல் பாஸ்போர்ட்டுக்கும் செய்ததைத்தான் அவர் இதற்கும் செய்திருந்தார். ஒரு நல்ல காரியத்துக்கு வந்த கடதாசியை மொட்டையாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

நான் பாஸைப் பாய்ந்து எடுத்தேன். அட்டையின் உள்ளே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது: இதில் எதையாவது மாற்றினாலோ அழித்தாலோ பாஸ் செல்லாது, காசைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டோம். மூன்று மாதமாகக் காதில் போன் வைத்துத் தேய்ந்தவளுக்கு அந்த ஒரு வரி போதாதா?

"என்னம்மா செய்து வைச்சிருக்கிறியள்? இதென்ன உங்கடை கலியாணக் காட்டோ? இது செல்லாமப் போச்செண்டால் அவனைப் பாக்க ஏலாது, தெரியுமோ? ஒன்பது வருசம், ஒன்பது வருசம் எண்டு என்ரை உயிரை எடுத்தியள். இப்ப நீங்களே மஞ்சளைப் பூசிக் கெடுத்துப் போட்டியளே!"

அம்மா மஞ்சள் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். மேலே அறையிலிருந்து என் மகள் இறங்கி வந்தாள். பத்து வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில்தான் பதில் சொல்லுவாள். "மாம், வை ஆர் யூ யெல்லிங் அட் அம்மம்மா?"

"நீ மேலை போ!"

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் பாஸுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மூலைகள் மஞ்சளாக இருந்தன, நடுவில் ஒரு பொட்டு இருந்தது. எங்கள் பெயர்கள், பாஸ் நம்பர், எந்தத் தேதிக்குள் பாவிக்க வேண்டும் என்கிற வரி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அப்படியே கொண்டுபோயிருந்தால் ஒருவேளை ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மஞ்சள் தண்ணீரில் போகாது, அசெட்டோனில் கரையும் என்று எனக்குத் தெரியும். ஆய்வுகூடத்தில் பத்து வருடம் வேலை செய்தவளுக்குத் தெரியாதா? பாழாய்ப் போன படிப்பு. குளியலறைக்குள் போய், நகப்பூச்சு அழிக்கிற மருந்தைப் பஞ்சில் ஊற்றி, ஒரு மூலையைத் தேய்த்தேன். மஞ்சள் கரைந்தது. கரைந்து, பக்கத்துக்குப் பரவியது. அதைத் துரத்திக்கொண்டு போய்த் தேய்த்தேன். அப்போதுதான் எழுத்தும் சேர்ந்து கரைவதைக் கண்டேன். இரண்டு பெயர்களில் ஒன்றும், தேதி வரியில் பாதியும் சாம்பல் நிறமாக இழுபட்டு ஒரு தேமல் மாதிரிக் கிடந்தன.

அப்படியே குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்துவிட்டேன். இருந்தது எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வெளியே வந்தேன். அம்மா கதவடியிலேயே நின்றார். "மஞ்சள் போட்டுதோ பிள்ளை?"

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னது இதுதான்: "பாருங்கோ. உங்கடை மஞ்சள் செய்த வேலையைப் பாருங்கோ."

அவர் பாஸை வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். தன்னுடைய பெயர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்பது விளங்கியது. என் மகள் படிக்கட்டில் நின்றபடி மூக்கைச் சுளித்தாள். அவளுக்கு அந்த மருந்தின் மணம் தெரியும். "பட் மாம், இட் வாஸ் ஓகே பிஃபோர் யூ..." என்று தொடங்கினாள். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிவிட்டாள்.

அன்று அம்மா சாப்பிடவில்லை. "நான் வராட்டிலும் பரவாயில்லை. நீ எப்பிடியும் போய் அவனைப் பாத்துக்கொண்டு வா. என்ரை முகத்திலை முழிக்க அவனுக்கு விதியில்லை போலை" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். என் கணவர் வேலையால் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, பாவம் அவவை ஏசாதை, வயது போன மனுசி என்று எனக்குப் புத்தி சொன்னார். அவருக்கும் நான் உண்மை சொல்லவில்லை. ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குக் காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

அடுத்த நாள் மறுபடியும் அந்த இலவச நம்பர். வாசிக்க முடியாத பாஸ் செல்லாது, திருப்பி அனுப்பினால் விசாரித்து மாற்றித் தருவோம், ஆறு கிழமை ஆகும் என்றார்கள். வயதான அந்தப் பெண்ணைக் கேட்டேன், அவள் விடுமுறையாம். இருக்கைகளை விட்டுவிடாதே, பாஸைக் கொண்டுபோய்ப் பாரிஸ் ஸ்டேஷனில் கேட்டுப் பார் என்றான் இன்னொருவன். முதல் நாள் பயணம் தொடங்குமுன் ஸ்டேஷனில் ஒரு முத்திரை குத்த வேண்டும். குத்துகிறவர் குத்திவிட்டால் தீர்ந்தது.

பாரிஸுக்குப் போனோம். சாமத்திய வீடு நல்ல விமரிசையாக நடந்தது, எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை. திங்கட்கிழமையே ஸ்டேஷனுக்குப் போய்ப் பாஸைக் காட்டியிருக்கலாம். போகவில்லை. முன்கூட்டிப் போனால் ஆறுதலாக எழுத்தெழுத்தாகப் பார்ப்பார்கள், ரயில் வெளிக்கிடுகிற அவசரத்தில் போனால் பார்க்காமல் குத்திவிடுவார்கள் என்பது என் மூளை. மூளையாம் மூளை!

புதன்கிழமை காலை, ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருக்க, கவுன்டருக்கு முன்னால் நின்றோம். அம்மா ஒரு கையில் கைத்தடியும், மற்றக் கையில் பயற்றம் பணியாரமும் சோற்றுப் பார்சலும் வைத்த பையுமாக நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த தலைமுடியோடு ஒரு பெண். பாஸை வாங்கினாள். முத்திரையைக் கையில் எடுத்தாள். பிறகு முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, பாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினாள். பக்கத்துக் கவுன்டர்காரனிடம் காட்டினாள். அவன் முகர்ந்து பார்த்தான்! அதற்குப் பிறகு எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை.

"இதை யார் அழித்தது?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"ஈரம் பட்டுவிட்டது" என்றேன்.

"ஈரம் இப்படிச் செய்யாது, மேடம்."

விளக்கிச் சொன்னேன், கெஞ்சினேன், குரலை உயர்த்தினேன். பின்னால் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது. அம்மாவுக்கு மொழி விளங்காவிட்டாலும் காரியம் விளங்கிவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வந்து, இரண்டு கையையும் கூப்பி, அந்தப் பெண்ணிடம் தமிழில் சொல்லத் தொடங்கினார். "அம்மா, என்ரை பிள்ளையிலை பிழையில்லை. நான்தான் அறியாத்தனமா மஞ்சள் பூசினனான். என்ரை மகன் அங்கை பாத்துக்கொண்டு நிப்பான். ஒருக்கால் விடுங்கோ."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "அவர் என்ன சொல்கிறார்?"

"களைத்துவிட்டாராம்" என்றேன்.

எங்கள் இரண்டு இருக்கைகளும் வெறுமையாகப் போயிருக்கும். ரயில் வெளிக்கிட்டுப் போனபின், புது டிக்கெட் கேட்டு இன்னொரு வரிசையில் நின்றேன். இடம் இருந்த அடுத்த ரயில் பின்னேரம் மூன்று இருபதுக்குத்தான் கொலோனில் நிற்கும். தம்பிக்குச் சொல்ல வழியில்லை. கைத்தொலைபேசி எல்லாம் எங்கள் ஆட்களிடம் வராத காலம். அவன் விடிய வெளிக்கிட்டு இப்போது பாதித் தூரம் வந்திருப்பான். காலை ரயில் வரும், எல்லோரும் இறங்குவார்கள், நாங்கள் இறங்க மாட்டோம். அதற்குப் பிறகு அவன் என்ன நினைப்பான்?

ரயிலில் அம்மா ஜன்னலைப் பார்க்கவில்லை, என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பெல்ஜியத்தில் எங்கேயோ ரயில் ஏழு நிமிடம் சும்மா நின்றது. அந்த ஏழு நிமிடமும் அம்மாவின் உதடு தேவாரம் சொல்லிக்கொண்டேயிருந்தது. எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

எப்படியோ சொன்ன நேரத்துக்கே வந்து சேர்ந்தது. மேடையில் இறங்கியவுடன் அவன் எங்களைக் கண்டுவிட்டான். ஓடிவந்தான். தலைமுடி முன்னால் ஏறியிருந்தது, தோளில் பெரிய ஆம்பிளைக்குரிய அகலம். நாலு மணித்தியாலத்துக்கு மேல் அந்த மேடையிலேயே நின்றிருக்கிறான், பாரிஸிலிருந்து வந்த ஒவ்வொரு ரயிலையும் பார்த்தபடி. பொலிஸ்காரர் இரண்டு தரம் வந்து கடதாசி கேட்டிருக்கிறார்கள். "பரவாயில்லை அக்கா, முத்திரை இருந்ததுதானே" என்றான்.

அம்மா அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கட்டிப் பிடிப்பார், கொஞ்சுவார் என்று நினைத்தேன். "அப்பு, என்னைக் கோவியாதை ராசா. நான்தான் கெடுத்தனான். உன்ரை நேரத்தை நான்தான் நாசமாக்கிப் போட்டன்" என்றார்.

"என்னம்மா விசர்க்கதை கதைக்கிறியள்?"

"இல்லை ராசா, கேள். உன்ரை அக்கா படாத பாடு பட்டு எடுத்தவள். நான் மஞ்சளைப் பூசி..." என்று முதலிலிருந்து தொடங்கினார். தபால்காரன் வந்தது, குளித்தது, மஞ்சள் குழைத்தது, தன் பெயர் அழிந்துபோனது, கவுன்டர்காரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது, எல்லாவற்றையும். அவன் அவரை ஒரு நீட்டு மர வாங்கில் இருத்தி, முன்னால் குந்தியிருந்து, சரியம்மா, விடுங்கோம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவர் விடவில்லை. ஒருக்கால் முடித்துவிட்டு மறுபடியும் தொடங்கினார். நான் தலைக்கு மேலே இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று நாற்பத்தைந்து. இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று எனக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. சொன்னால் தம்பி என்னைப் பார்க்கப் போகும் பார்வையை நினைத்தேன். வாய் வரவில்லை.

அவனுடைய ரயில் வேறு மேடையில். பையை அவனிடம் கொடுத்து, அம்மாவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடத்திப் போனோம். ரயில் ஏற்கெனவே நின்றது. படியில் ஏறி நின்றுகொண்டு அவன் அம்மாவின் நெற்றியைத் தடவினான். "ஒண்டும் யோசியாதையுங்கோ. மஞ்சள் நல்லதுதானே" என்றான். கதவு மூடியது. அம்மா, ரயில் போன பிறகும் கை காட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பும் ரயிலில் நேரெதிரே இருந்தோம். எல்லை தாண்டியது. பிறகு நான் சொன்னேன். "அம்மா, மஞ்சளாலை ஒண்டும் நடக்கேல்லை. எல்லா எழுத்தும் வடிவாத் தெரிஞ்சது. நான்தான் நகத்துக்குப் போடுற மருந்தாலை தேய்ச்சு அழிச்சனான்."

அவர் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இதை ஏனடி அவன் நிக்கேக்கை சொல்லேல்லை?"

"பயமாயிருந்தது அம்மா."

"நாப்பது நிமிசம்" என்றார். குரல் உயரவில்லை. "அந்த நாப்பது நிமிசமும் நான் அவனிட்டை மன்னிப்பெல்லே கேட்டுக்கொண்டிருந்தனான். சமைக்கிறானோ, எங்கை படுக்கிறான், குளிருக்குப் போட ஏதும் வைச்சிருக்கிறானோ எண்டு என்ரை பிள்ளையை நான் ஒரு சொல்லுக் கேக்கேல்லையடி."